குவாரிக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி: பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய டிரெய்லர் லாரி வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாயெடுத்தால், எங்கள் சங்ககிரிப் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி "என்ன மாடல், என்ன விலை?" என்பதுதான். நான் கேட்பது வேறு. லோடு ஏற்றும் இடத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அந்தப் பாதையில் மழை பெய்தால் என்ன ஆகும்? இதற்குப் பதில் இல்லாமல் வண்டி பார்க்கக் கிளம்புகிறவர், தரகர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்.

எனக்கு வாய்த்த ஓட்டம் கிரானைட். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரிகளில் பாறை ஏற்றி, வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டு போக வேண்டும். சாலையில் 250 கிலோமீட்டருக்கு மேல். குவாரிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான். வாடகை வருவது அந்த 250 கிலோமீட்டரில். பட்டை என்னும் ஸ்பிரிங் தகடு உடைவதும், டயர் கிழிவதும், கிளச் பிளேட் கருகுவதும் அந்த மூன்று கிலோமீட்டரில். வெட்டிய பாறைத் துண்டுகள் மேல் ஏறி இறங்கி, கல் அறுத்த சேற்றில் சறுக்கி, பள்ளத்திலிருந்து முழு லோடோடு மேலே வர வேண்டும். குவாரிக்கென்றே செய்த வண்டியை வாங்கினால் நெடுஞ்சாலையில் டீசல் குடித்தே கொன்றுவிடும். நெடுஞ்சாலை வண்டியை வாங்கினால் முதல் மழைக்கே பள்ளத்தில் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டியைத் தேடுவதுதான் வேலை.

முதலில் எடைக் கணக்கு. கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம் உள்ள ஒரே கல் ஏறத்தாழ 25 டன் வரும். சிமெண்ட் மூட்டையைப் போல இந்த எடை டிரெய்லர் முழுதும் பரவாது. கிரேன் இறக்கும் இடத்தில் அப்படியே குந்தும். ஆகவே எத்தனை டன் இழுக்கும் என்பதைவிட, அந்த எடை எந்த அச்சில் விழுகிறது, அந்த அச்சு இன்ஜின் சுழற்றி இழுக்கும் அச்சா சும்மா உருளும் அச்சா என்பது முக்கியம்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியை எங்கள் பக்கத்தில் ஹார்ஸ் என்போம். ஆறு சக்கர ஹார்ஸ் உண்டு, பத்துச் சக்கர ஹார்ஸ் உண்டு. பத்துச் சக்கரம் என்றாலே பின்னால் இரண்டு அச்சும் இழுக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 6×4 என்றால்தான் இரண்டும் இழுக்கும். 6×2 என்றால் ஒன்று இழுக்கும், மற்றது எடை தாங்க மட்டும்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27 டன். ஆறு சக்கர ஹார்ஸ் மூன்றச்சு டிரெய்லரோடு சேர்ந்தால் 45.5 டன். பத்துச் சக்கரம் சேர்ந்தால் 55 டன். இப்போது இழுக்கும் அச்சின் மேல் எத்தனை பங்கு எடை நிற்கிறது என்று வகுத்துப் பாருங்கள். ஆறு சக்கரத்தில் 11.5 டன், அதாவது கால் பங்கு. 6×4 வண்டியில் 21 டன், 38 சதவீதம். 6×2 வண்டியில் 21 டன்னில் பாதி, 10.5 டன் மட்டும். 55 டன்னில் அது 19 சதவீதம்! முழு லோடில் சேற்று ஏற்றத்தில், ஆறு சக்கர வண்டியைவிடப் பத்துச் சக்கர 6×2 மோசமாகச் சறுக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 6×2 அருமையான வண்டி. எடை குறைவு, டீசல் மிச்சம், காலியாக வரும்போது அச்சைத் தூக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால் டயரும் மிச்சம். குவாரிக்காரருக்கு அது ஆகாது.

இதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். குனிந்து பார்த்தால் போதும். பின் அச்சுகள் இரண்டிலும் நடுவில் பானை போன்ற ஹவுசிங் இருக்க வேண்டும், முதல் ஹவுசிங்கிலிருந்து இரண்டாவதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட் போக வேண்டும். இரண்டாவது அச்சு வெறும் கட்டையாக இருந்தால் அது 6×2.

மாடல் எண்ணைப் படிப்பதும் எளிதுதான். டாடாவிலும் அசோக் லேலண்டிலும் 4923 என்றால் 49 டன், 230 குதிரைத் திறனை ஒட்டியது. 4018 என்றால் 40 டன், 180. வரம்பு உயர்ந்த பிறகு வந்தவை 55 என்று தொடங்கும். ஆனால் காவல்துறையும் எடைமேடையும் பார்ப்பது ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், எழுதியிருக்கும் மொத்த எடையைத்தான். 49 டன் என்று பதிவான வண்டியைக் காட்டி "இப்போது 55 ஏற்றலாம், ஒன்றும் ஆகாது" என்று தரகர் சொன்னால், அதை ஆர்.சி.யில் ஏற்றிக் கொடுத்த பிறகு விலை பேசலாம் என்று சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எந்த இன்ஜின் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து எதுவும் இல்லை. ஆண்டைப் பார்ப்பேன். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுதும் பிஎஸ்4 புகை விதி, 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6. பிஎஸ்3 வண்டியைச் சாலையோர மெக்கானிக் கைவிளக்கு வெளிச்சத்தில் சரிசெய்துவிடுவார், ஆனால் வயதாகிவிட்டது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் காட்ட வேண்டும், அதற்கு முன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். பல அச்சு வண்டிக்கு 15 வயதுக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடையாது. அந்த வயதுக்குப் பிறகு எஃப்.சி. கட்டணமும் பல மடங்கு கூடிவிட்டது. 12 வயது வண்டியை ஐந்து ஆண்டுக் கடனில் வாங்குகிறவர், கடைசித் தவணைகளை எந்த மாநிலத்தில் ஓட்டிக் கட்டப் போகிறார் என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிஎஸ்4 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் வகை, ஊற்றாத வகை இரண்டும் உண்டு. ஊற்றும் வகையென்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். வாயைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்து, டேங்க்குக்குள் தூசியும் கிடந்தால், அந்த வண்டியில் ஊசியும் சென்சாரும் சீக்கிரம் தகராறு செய்யும். சென்சார் தகராறு செய்தால் இன்ஜின் தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அது ஏற்றத்தில் நடந்தால் பின்னால் வருகிறவர்கள் உங்கள் குலத்தையே விசாரிப்பார்கள். பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சூடேறி ஓடும்போது கரியைத் தானே எரித்துக்கொள்ளும். குவாரியில் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நின்று, முதல் கியரில் ஊர்ந்து, மறுபடி நின்றால் எரியாது, அடைத்துக்கொள்ளும். என்னைப்போல வாரத்தில் பல முறை நீண்ட ஓட்டம் உள்ளவருக்குச் சிக்கல் இல்லை. குவாரிக்கும் பாலிஷ் ஆலைக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் யோசிக்க வேண்டும்.

இனி வண்டியைப் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். நாமக்கல்லில் எனக்கு முறையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். விற்பவர் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் என் பக்கம் திரும்பி, "சத்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் தம்பி. முதலில் அடியில் போய்ப் படுங்கள்" என்றார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப்போல, லாரி வாங்குகிறவன் சேசிஸைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்ஜின் போனால் காசு கொடுத்துப் புதிதாகக் கட்டிவிடலாம். சேசிஸ் விட்டுப்போன வண்டியை நேராக்கி ஓட்டிச் சம்பாதித்தவரை நான் பார்த்ததில்லை.

அடியில் படுத்தால் எங்கே பார்ப்பது? பட்டையின் தொங்கட்டான்கள் சேசிஸோடு சேரும் இடம், கேபினுக்கு நேர் பின்பக்கம், டிரெய்லர் வந்து உட்காரும் ஃபிஃப்த் வீலின் அடித்தட்டைச் சுற்றிலும். டார்ச்சைச் சேசிஸுக்குச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு விரலால் தடவ வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துரு காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்டுக்கு உள்ளிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்து நிற்கும். போல்ட் ஓட்டையிலிருந்து சாய்வாக மேலே ஓடினால், அது லோடில் திறந்து மூடும் விரிசல். சேசிஸ் முழுதும் சாம்பல் நிறமாகத் தூசி படிந்திருக்க, ஒரு முழ நீளத்துக்கு மட்டும் கன்னங்கரேலென்று புதுப் பெயிண்ட் இருந்தால், சாவியின் முனையால் அதைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெல்டிங் முடிச்சு தட்டுப்படும். உள்பக்கம் கூடுதல் தகடு வைத்து அடித்திருப்பதை "பலப்படுத்தியிருக்கிறோம்" என்பார்கள். ஏன் பலப்படுத்த வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

பின் அச்சுத் தொகுதியில் பட்டைகளின் நடுவிலுள்ள தாங்கி, அதன் புஷ், அச்சைப் பிடித்திருக்கும் ராடுகளின் ரப்பர்கள், இவை குவாரி வண்டியில் சீக்கிரம் தேயும். கடப்பாரையை இடையில் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். பட்டைகளில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் பரவாயில்லை. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு புதிது என்றால், அந்த வண்டி ஒரு பக்கம் சாய்ந்து லோடு இழுத்திருக்கிறது. ஹப்பிலிருந்து எண்ணெய் டயரின் உள்பக்கமாக வழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்த எண்ணெய் போய்ச் சேரும் இடம் பிரேக் லைனிங்.

அடுத்தது கிரவுன் வீல் விகிதம், அதாவது பின் அச்சு ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரத்துக்கும் (பினியன்) அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரத்துக்கும் (கிரவுன்) உள்ள பல் விகிதம். குவாரிக்கும் சாலைக்கும் இரண்டுக்கும் ஓட்டுகிறவருக்கு இதைவிட முக்கியமான எண் வண்டியில் வேறில்லை. ஆனாலும் விலை பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் 5.86. பினியனில் 6 பல் என்றால் 6.83. எண் பெரிதாக இருந்தால் ஏற்றத்தில் பலம், சாலையில் டீசல் செலவு. 20 அங்குல ரிம்மில் ஓடும் வழக்கமான லாரி டயர் ஒரு சுற்றுக்கு மூன்றேகால் மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் (நேர் கியர்) என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் போவதற்கு 5.86 வண்டியில் இன்ஜின் 1,800 சுற்று ஓட வேண்டும், 6.83 வண்டியில் 2,100. வாலாஜா முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை 2,100 சுற்றிலேயே ஓட்டிப் பாருங்கள், டீசல் விலை 90 ரூபாயைத் தாண்டியிருப்பதன் பொருள் விளங்கும். லோடோடு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டரை ஒட்டி நிற்கும் ஓட்டத்தில், கால் கிலோமீட்டர் குறைந்தாலும் மாத முடிவில் டிரைவர் சம்பளம் அளவுக்குக் கை கடிக்கும்.

ஹவுசிங்கிலுள்ள தகடு தேய்ந்து விகிதம் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். பின்பக்கம் ஜாக்கி வைத்து இரு புறச் சக்கரங்களும் தரையில் படாமல் தூக்கி, வண்டியை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரு புறச் சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் சுற்றினால் ஷாஃப்ட் அந்த எண்ணிக்கையில் பாதிதான் சுற்றும், கணக்குத் தப்பிவிடும். 6×4 வண்டியில் பின்னச்சு இரண்டையும் தூக்க வேண்டியிருக்கும் என்பதால் பட்டறையில் செய்வது நல்லது. நான் தேடியது ஆறுக்குச் சற்றுக் கீழே. ஏற்றத்தை மெதுவாக முதல் கியரில் ஏறினால் போதும், யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை.

இரு புறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதையும் நம்பிவிடக் கூடாது. சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், விற்பவர் "பாருங்கள்" என்பார். விளக்கு எரிவது வேறு, பல் சேர்வது வேறு. ஒரு பக்கச் சக்கரத்தை ஈர மண்ணில் நிறுத்தி லாக்கைப் போட்டு மெதுவாக நகர்த்தினால்தான் உண்மை தெரியும். சாலையில் கண்டெய்னர் இழுத்த வண்டியில் ஆண்டுக்கணக்காக லாக்கைத் தொட்டே இருக்க மாட்டார்கள், காற்றுச் சிலிண்டர் இறுகிப் போயிருக்கும். அது சின்ன வேலைதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இன்ஜினைப் பார்ப்பதில் ஒரே நிபந்தனை: குளிர்ந்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், முதல் வேலையாகப் பிளாக்கில் கையை வைப்பேன். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்ததை நமக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ட் செய்த பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயின் மேல் வைத்தால், பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசியும், அதாவது பேக் கம்ப்ரஷன் அடிக்கும் இன்ஜினில் மூடி குதிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. எல்லோரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்குப் பிறகு வரும் அந்தக் குழாயில் தூசி இருக்கவே கூடாது. துணியில் மாவு போல வெள்ளைப் பொடி ஒட்டினால் அது கிரானைட் தூள். ஃபில்டரைத் தட்டித் தட்டிப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், அல்லது கிளாம்ப் கழன்று கிடந்திருக்கிறது. அந்தத் தூள் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் டர்போவின் இறக்கைகளையும் மாதக்கணக்கில் அரைத்திருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு முழு வேலை வைக்கும் செலவை மனத்தில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். குவாரியில் கிடந்த வண்டி கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். இன்ஜின் ஓடிய மணி நேரம் எவ்வளவு என்று பாருங்கள். மீட்டரில் தெரியாவிட்டால் சர்வீஸ் சென்டர் கணினியில் பொருத்தி எடுத்துவிடுவார்கள். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 4 லட்சம் கிலோமீட்டர், 10,000 மணி நேரம் என்றால் 40. அது சாலையில் வாழ்ந்த வண்டி. 1.8 லட்சம் கிலோமீட்டர், 12,000 மணி நேரம் என்றால் 15. "குறைந்த கிலோமீட்டர், ஒற்றை ஓனர்" என்று விளம்பரம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வண்டிக்குத்தான். எனக்குச் சாலையில் நிறைய ஓடிய வண்டியே பிடிக்கும். அதைக் குவாரிக்குப் பழக்குவது, குவாரியில் இடுப்பொடிந்ததைச் சாலைக்குக் கொண்டுவருவதைவிட எளிது.

கேபினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுப் பெயிண்ட், முன்னால் குஞ்சம், எலுமிச்சம்பழம், கண்ணாடியில் குலதெய்வம் எல்லாம் விலையில் சேராது. கதவு இறுக்கமாக மூடுகிறதா, சீட்டில் இரவெல்லாம் உட்கார முடியுமா, அவ்வளவு போதும்.

பிரேக்கில் அதிக நேரம் செலவிடுங்கள். நான் ஓசூரில் இரும்பு ஏற்றிச் சேலம் பக்கம் வரும் நாட்களில் தொப்பூர் இறக்கம் குறுக்கே நிற்கும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் நடந்த லாரி விபத்துகளைப் பத்திரிகை படிக்கும் யாரும் அறிவார்கள். அங்கே மேலேயே கியரைக் குறைத்து, புகைக்குழாயை அடைத்து இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, காலைப் பெடலில் வைக்காமல் இறங்க வேண்டும். ஆகவே எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாத வண்டியை அப்படியே எடுக்க மாட்டேன். சோதிப்பது சுலபம். ஓடும்போது பட்டனைப் போட்டால் இன்ஜின் சத்தம் அமுங்கி, வண்டி பின்னால் யாரோ இழுப்பதைப்போலக் குறைய வேண்டும். காற்றழுத்தம் முழுதும் ஏறியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் டயாஃப்ரம், குழாய் இணைப்புகள், டிரெய்லர் வால்வு எல்லாவற்றின் அருகிலும் காதை வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ கசிகிறது.

டிரெய்லரையும் ஹார்ஸையும் சேர்த்து விற்கும்போது டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நின்று நீளவாக்கில் ஒரு கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். நல்ல பிளாட் டிரெய்லரின் உத்தரம் காலியாக நிற்கும்போது சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். நேராகவோ நடுவில் தொய்ந்தோ இருந்தால் அது தன் ஆயுளுக்கு மேல் சுமந்துவிட்டது. கழுத்து வளையும் இடத்தில் வெல்டிங் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரை ஃபிஃப்த் வீலில் பூட்டும் கிங் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர் விட்டம், 49க்கு வந்தால் மாற்றியாக வேண்டும். காலிப்பரை எடுத்துக்கொண்டு போங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். டிரெய்லரை மாட்டி, அதன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஹார்ஸை முன்னும் பின்னும் அசைத்தால், "டக்" என்று சத்தம் கேட்டால் கிங் பின் அல்லது ஃபிஃப்த் வீலின் பூட்டு தேய்ந்திருக்கிறது.

இன்னொன்று. சாலையில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் வண்டியை நேராக ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தடத்தைப் பாருங்கள். டிரெய்லரின் டயர்த் தடம் ஹார்ஸின் தடத்திலிருந்து ஒரு பக்கம் விலகி ஓடினால் அச்சுகள் கோணலாக நிற்கின்றன. 22 டயரில் பன்னிரண்டு டிரெய்லரில் இருக்கிறது. கோணல் அச்சு அந்தப் பன்னிரண்டையும் ரப்பர் போல அழித்துத் தீர்க்கும். ஒரு நல்ல ரேடியல் டயர் 20,000 ரூபாய்க்கு மேல் என்றால் மொத்தச் செட் நான்கு லட்சத்தைத் தாண்டும். டயர் நிலவரத்தை வண்டி விலையோடு சேர்த்துப் பேசாதவர் அந்த நான்கு லட்சத்தைத் தனியாகக் கொடுக்கிறார். ஃபைனான்ஸ்காரர் பறிமுதல் செய்து யார்டில் நிறுத்திய வண்டி என்றால், நல்ல டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அதற்கு முன்பே இறங்கியிருக்கும்.

டயர் வகையிலும் ஒரு சமரசம் தேவை. குவாரியில் மட்டும் ஓடும் வண்டிக்கு நைலான் டயர் பக்கச்சுவர் வெட்டைத் தாங்கும். சாலையில் அது சூடேறும், டீசலையும் தின்னும். நான் இழுக்கும் அச்சுகளில் ஆழமான கட்டை வார்ப்புள்ள ரேடியலும், மற்ற இடங்களில் சாலை வார்ப்பும் போடுகிறேன். ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்கக் கூடாது. குவாரியை விட்டு வெளியே வந்ததும் இரட்டை டயர்களின் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று கம்பியால் தட்டிப் பார்க்காமல் டிரைவர் தார்ச்சாலை ஏறினால், அந்தக் கல் ஆம்பூருக்குள் யாருடைய கண்ணாடியையாவது தேடிப் போகும்.

கடைசியாகக் காகிதங்கள். ஹார்ஸுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. இரண்டிலும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், வேறு மாநில வண்டியானால் 28. வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி., நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கல் ஏற்றிய வண்டிக்கு மட்டும் இன்னொன்று பார்க்க வேண்டும். நடைச்சீட்டு என்னும் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கனிமம் ஏற்றிப் பிடிபட்ட வண்டியாக இருக்கலாம். 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே எடுத்த வண்டியை, வழக்கு முடியும் முன்பே சத்தமில்லாமல் விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. வண்டி ஓடிய மாவட்டத்துக் காவல் நிலையத்திலும் கனிமவளத் துறை அலுவலகத்திலும் வண்டி எண்ணைச் சொல்லி விசாரிப்பதற்கு ஒரு நாள் செலவாகும். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அந்த ஒரு நாளும் மிச்சம்.

லோடோடு ஓட்டிப் பார்க்க எந்த விற்பனையாளரும் எளிதில் சம்மதிக்க மாட்டார். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மறுத்தால், மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டாவது கியரில் கிளப்பிப் பாருங்கள். கிளச் வழுக்கினால் அங்கேயே வாசனை வந்துவிடும்.

வாங்கியதும் வண்டி நேராக லோடுக்குப் போகக் கூடாது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், இரண்டு ஹவுசிங் ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், சக்கர பேரிங் கிரீஸ் அனைத்தையும் மாற்றுங்கள். பழைய ஹவுசிங் ஆயிலை வடிக்கும்போது காந்தத்தில் ஒட்டி வருவது மாவா சில்லா என்று பாருங்கள். மாவு இயல்பு. சில்லு வந்தால் கிரவுனைத் திறந்துவிடுவதுதான் உத்தமம், நடுச்சாலையில் திறப்பதைவிட மலிவு. இதற்கெல்லாம் வண்டி விலையில் ஆறில் ஒரு பங்காவது கையில் வைத்துக்கொண்டுதான் நான் பேரம் பேசப் போவேன். இன்சூரன்ஸ் பெயரை மாற்ற, கைமாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரையும் அன்றே உரித்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். இல்லையென்றால் முதல் சுங்கச்சாவடியைத் தாண்டிய மறுநிமிடம் அவர் உங்களுக்குப் போன் செய்வார்.